பதறும் சுபாவமும் உடம்பின் வயதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எனக்கு வயது 67. சின்ன வயதிலிருந்தே பதறும் சுபாவம். அப்படிப்பட்டவர்களின் உடம்பு சீக்கிரம் மூப்படையும் என்று எங்கோ படித்தேன். இப்போது அதுவே பெரிய கவலையாகிவிட்டது. தினமும் இரண்டு வேளை ரத்த அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. இருந்தும் நிம்மதி இல்லை. பிறவிக்குணத்தை இனிமேலா மாற்ற முடியும்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த நோட்டுதான். பதற்றத்தைச் சொல்ல வந்த இடத்தில் உங்கள் சிரத்தையையும் சொல்லிவிட்டீர்கள். ஆயுளோடு சேர்த்து ஆராயப்பட்ட குணங்களில் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்பது இந்தச் சிரத்தைதான். 1921-இல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் அமெரிக்காவில் சுமார் 1,500 பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வைத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. 1993-இல் கணக்குப் பார்த்தபோது, பொறுப்பான பிள்ளைகள் என்று அன்று குறிக்கப்பட்டவர்கள் அதிக காலம் வாழ்ந்திருந்தார்கள். கலகலப்பான பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை! முதன்முதலில் படித்தபோது நம்பவே முடியவில்லை.

சரி, உடம்பின் வயது என்பது என்ன? நம் டிஎன்ஏவின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குறிகள் ஒட்டியிருக்கும். வயது ஏற ஏற அவை சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். 2013-இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆராய்ச்சியாளர் அப்படி 353 இடங்களை வைத்து வயதைக் கணிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 2019-இல் வந்த கிரிம்ஏஜ் என்ற கணிப்பு, புகைபிடித்ததன் தடயத்தையும் சேர்த்தே எண்ணுகிறது. பதறுகிற ஒருவர் ஒவ்வொரு பதற்றத்துக்கும் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தால், அங்கே பதிவாவது அந்தப் புகை. சுபாவம் உடம்புக்குள் இறங்கும் பெரிய வழி இப்படி அன்றாடப் பழக்கங்கள்தான். அதற்காகப் பதற்றம் நேராக ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். நாள்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும், தூக்கம் கெடும்.

ஆனால் பதற்றம் காப்பாற்றுவதும் உண்டு. என் பெரியம்மா உங்களைப் போலத்தான். காலில் ஒரு சின்னப் புண் நான்கு நாளாகியும் ஆறவில்லை என்று பயந்துபோய் மருத்துவரிடம் ஓடினார். சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. தைரியசாலியான பெரியப்பா "தானா ஆறிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பதற்றமும் சிரத்தையும் ஒருவரிடமே சேரும்போது கிடைக்கும் இந்த நன்மைக்கு, ஆராய்ச்சியாளர்கள் 'ஆரோக்கியமான பதற்றம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

குணம் மாறுமா என்றால், மாறும். 2017-இல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனநல சிகிச்சைக்குப் பின் அதிகம் மாறியிருந்தது இந்தப் பதறும் குணம்தான். அதனால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், தயங்க வேண்டாம்.

அப்புறம், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது நோட்டையும் கொண்டுபோங்கள். இரண்டு வேளையும் பார்க்கத்தான் வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை. அதையும் அவரிடம் சொல்லுங்கள்.