ஏசி போர்டில் மறுபடியும் பல்லியா?

ஒரே வருடத்தில் இரண்டு முறை ஏசியின் அவுட்டோர் யூனிட்டில் உள்ள சர்க்யூட் போர்டில் பல்லி கருகிக் கிடந்தது என்கிறீர்கள். பக்கத்தில் பால்கனி விளக்கு இருக்கிறதா? விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். முதலில் அந்த விளக்கை இடம் மாற்றுங்கள்.

அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவரிடம் போர்டுப் பெட்டிக்குள் ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்கச் சொல்லுங்கள். நீங்களே திறக்க வேண்டாம். மெயினை அணைத்தாலும், மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெபாசிட்டர் என்ற பாகத்தில் மின்சாரம் தங்கியிருக்கும். காற்றுப் போகும் பக்கங்களில் மட்டும் எதையும் மூடிவிடாதீர்கள்.

சுவரில் செம்புக் குழாய் வரும் துளையைப் புட்டி வைத்து அடைத்துவிடலாம். ஏசித் தண்ணீர் வெளியேறும் குழாயின் முனைக்குக் கொசுவலைத் துண்டு போதும். ஆனால் அதில் பாசி அடைத்தால் வீட்டுக்குள் சொட்டும், அவ்வப்போது கழுவுங்கள்.

அப்புறம், யூனிட்டுக்குள்ளே பூச்சி ஸ்பிரே அடிக்காதீர்கள். தீப்பிடிக்கக்கூடியது அது.