தண்ணீரா கூலன்டா: சின்ன எஸ்யூவி கேள்வி பதில், காட்பாடி ஒர்க்‌ஷாப்பிலிருந்து

காட்பாடிப் பக்கம் 19 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இப்போது வேலைக்கு வருவதில் பாதி, நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகள். கேட்கிறவர்களுக்கு இரண்டு விதி. கம்பெனி பெயர் போட்டுத் திட்ட வேண்டாம். வருடம், பெட்ரோலா டீசலா, கியர் வகை, ஓடிய கிலோமீட்டர் சொன்னால் போதும். நான் சொல்லும் தொகை வெளி ஒர்க்‌ஷாப்பில் நம் பக்கம் ஆகும் உத்தேசக் கணக்கு. ஷோரூம் பில் இதைவிட ஏறும். அப்புறம், ரேடியேட்டரில் கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்துக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் முதலில் அதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

குடியாத்தம்: 2017 டீசல், மேனுவல், 82,000 கி.மீ. ஸ்பீடு பிரேக்கரில் முன்பக்கம் கடகடவென்று சத்தம். ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள், 22,000 ரூபாய்.

அவசரப்படாதீர்கள் அண்ணே. சின்ன மேட்டில் கடகட என்றால் முதலில் முன்சக்கர சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு, அடுத்து லோயர் ஆர்ம் ரப்பர் புஷ். லிங்க் ராடு ஜோடி கூலியோடு 2,000 முதல் 3,500 வரை. ஷாக் போயிருந்தால் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும், பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். இந்த இரண்டும் இல்லாமல் ஷாக் மாற்றச் சொன்னால் வேறு ஆளிடம் காட்டுங்கள்.

சத்துவாச்சாரி: 2021 டீசல், 31,000 கி.மீ. டிபிஎஃப் விளக்கு அடிக்கடி எரிகிறது. இப்போது பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுக் கூட்டி வருவதற்கு மட்டும்தான் வண்டி. ஒரு நாளைக்கு 8 கி.மீ. கூட ஓடாது.

அம்மா, வண்டியில் குற்றமில்லை, வாங்கிய வகையில்தான் குற்றம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்னும் புகை விதி வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக் குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது, அதுதான் டிபிஎஃப். அது நிறைந்ததும் இன்ஜின் கூடுதலாக டீசல் அடித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, கரியை எரித்துவிடும். அதற்கு வண்டி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நீங்கள் எரிய ஆரம்பித்த பாதியிலேயே பள்ளி வாசலில் ஆஃப் செய்கிறீர்கள். எரியாத டீசல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் ஆயிலை உடனே மாற்றுங்கள். நீர்த்துப்போன ஆயிலோடு ஓடினால் டர்போ, பேரிங் எல்லாம் தேயும்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று இருக்கிறது. வாரம் ஒருமுறை பெங்களூரு சாலையில் பள்ளிகொண்டா டோல் பக்கம்வரை போய் வாருங்கள். 60, 70 கி.மீ. வேகம், ஒரு கியர் குறைத்து, 20 நிமிடம். நடுவில் டீ குடிக்க நிறுத்தாதீர்கள். அதற்கும் விளக்கு அணையவில்லை என்றால் ஸ்கேனர் போட்டு எரிக்க வேண்டும். கழற்றிச் சுத்தம் செய்ய 8,000 முதல் 15,000 வரை. புதிது போட்டால் லட்சத்தைத் தொடும். வடிகட்டியையே பிடுங்கித் தருகிறேன் என்று ஒருவன் வருவான். அது சட்டப்படி தப்பு, என்னிடம் அந்த வேலை கிடையாது. அடுத்த முறை பெட்ரோல் வாங்குங்கள்.

ராணிப்பேட்டை: எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும்?

வலது கால் யாருடையது என்பதைப் பொறுத்தது.

ஆரணி: டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், 2019, 54,000 கி.மீ. இரண்டாம் கையாக வாங்கலாமா அண்ணா? ஓட்டிப் பார்த்தேன், சூப்பராக இருந்தது.

காலி ரோட்டில் ஓட்டியிருப்பாய் தம்பி. அதை மத்தியான வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிளுக்குக் கொண்டு போ. அரை மணி நேரம் ஊர்ந்து, நின்று, ஊர்ந்து ஓட்டு. நம் விலை வண்டிகளில் பெரும்பாலும் வருவது உலர் கிளட்ச். அதைக் குளிர்விக்க ஆயில் கிடையாது. பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊர்ந்தால் கிளட்ச் பாதி பிடித்தபடியே தேய்ந்து சூடாகும். சூடான பிறகு முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது வண்டி நடுங்கினாலோ, ரிவர்ஸ் பிடிக்க யோசித்தாலோ, கைகுலுக்கிவிட்டு வீட்டுக்கு வந்துவிடு. கிளட்ச் செட் 70,000க்கு மேல். கியர் மாற்றும் எலெக்ட்ரானிக் பெட்டியும் சேர்ந்து போனால் நீ பேசி வைத்திருக்கும் விலைக்கே அர்த்தமில்லை.

ஆட்டோமேட்டிக்தான் வேண்டுமென்றால் டார்க் கன்வெர்ட்டர் தேடு, அது ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் வகை. பெட்ரோல், டீசல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், ஆனால் டிராஃபிக்கைத் தாங்கும். ஏஎம்டி என்பது நம் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிக்கவும் கியர் போடவும் மட்டும் மோட்டார் அமைப்பு. கொஞ்சம் தலையாட்டும். கிளட்ச் மாற்றிச் செட்டிங் செய்ய 15,000 பக்கம் முடிந்துவிடும்.

ஆம்பூர்: 2016 பெட்ரோல், 70,000 கி.மீ. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைகிறது. கீழே சொட்டு இல்லை. ஊற்றி ஊற்றி ஓட்டுகிறேன்.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே தெரிகிறது.

வெளியே சொட்டவில்லை என்றால் உள்ளே போகிறது. ஆயில் மூடியைக் கழற்றி அடியில் பாருங்கள், பால் டீ ஆடை மாதிரி படிந்திருக்கிறதா? இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை வருகிறதா? காலையில் ஸ்டார்ட் செய்ததுமே ரேடியேட்டர் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? இதில் ஒன்று ஆம் என்றாலும் ஹெட் கேஸ்கெட் மேல்தான் சந்தேகம், அதாவது இன்ஜின் ஹெட்டுக்கும் அதன் அடிப் பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் செய்து, கேஸ்கெட் போட்டு ஏற்ற 25,000 முதல் 45,000 வரை. ஹெட் விரிசல் விட்டிருந்தால் கணக்கே வேறு. மூன்றும் இல்லையென்றால் ரேடியேட்டர் மூடியையும் வாட்டர் பம்பையும் பிரஷர் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். கசிவு சூடான இன்ஜின் மேலேயே காய்ந்துவிடும், தரையில் தெரியாது. ரேடியேட்டர் மூடி 400 ரூபாய். அதில் முடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வேலூரை ‘நீரில்லாத ஆறு’ உள்ள ஊர் என்று கேலி சொல்வார்கள். அந்த ஆற்றங்கரை போரில் வரும் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா? இட்லிப் பானையின் உள்சுவரில் வெள்ளையாகப் படிவதுதான் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. பானையைப் புளி போட்டுத் தேய்க்கலாம், ரேடியேட்டருக்குள் கை போகாது.

வாலாஜா, ஓய்வு பெற்ற லாரி டிரைவர்: 30 வருடம் லாரி ஓட்டினேன். கிணறு, ஏரி, வாய்க்கால், கிடைத்த தண்ணீரை ஊற்றினேன். ஒரு ஹெட் போனதில்லை. கூலன்ட் எல்லாம் வியாபாரம்.

ஐயா, உங்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் லாரியில் ஹெட் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பு பித்தளை, குழாய்கள் அகலம். தினம் காலையில் மூடியைத் திறந்து பார்க்க ஒரு கிளீனரும் இருந்திருப்பார். இந்த வண்டிகளில் ஹெட் அலுமினியம், ரேடியேட்டரும் அலுமினியம், பக்கத் தொட்டி பிளாஸ்டிக், குழாய் வெற்றிலைக் காம்பு கனம். ஓனர் பானட்டைத் திறப்பது ஆயுத பூஜைக்கு மட்டும்.

வாலாஜா ஐயா மறுபடியும்: வெறும் தண்ணீர்தான் சூட்டை நன்றாக இழுக்கும் என்று படித்த பிள்ளைகளே சொல்கிறார்கள். அதற்கு என்ன பதில்?

அது உண்மை. கூலன்டில் இருக்கும் கிளைக்கால் கலந்தால் சூட்டைச் சுமக்கும் திறன் கொஞ்சம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்திலேயே 107 டிகிரி வரை கொதிக்காது, மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே தாங்கும். நான் கூலன்ட் கேட்பது அதற்காகக்கூட இல்லை. அதில் இருக்கும் துரு தடுக்கும் மருந்துக்காக. உங்கள் லாரியிலும் பிஸ்டன் ஓடும் உருளையான லைனரைக் கழற்றியபோது வெளிச்சுவரில் ஊசி குத்தியது போலக் குழிகள் பார்த்திருப்பீர்களே? லைனர் அதிரும்போது தண்ணீரில் குமிழி உண்டாகி வெடித்துக் குடைந்த குழிகள் அவை. அதைக் குறைக்கும் மருந்தும் டீசல் கூலன்டில்தான் இருக்கிறது.

வாலாஜா ஐயா: குழி பார்த்திருக்கிறேன். லைனர் மட்டமான சரக்கு என்று நினைத்தோம்.

சரி ஐயா.

பாகாயம்: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றலாமா?

தனியாக வேண்டாம். உப்புப் படியாது, ஆனால் துரு மருந்து இல்லையே. கூலன்ட் கான்சன்ட்ரேட் வாங்கி டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். பழையதைக் கழுவி முழுதாக மாற்ற 1,500 முதல் 2,500 ரூபாய். பச்சை, சிவப்பு நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மேனுவலில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அது.

திருப்பத்தூர்: மினரல் வாட்டர் பாட்டில்?

மேலே படியுங்கள்.

அரக்கோணம்: ஏசி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறேன், அதை ஊற்றலாமா?

மேலே படியுங்கள் தம்பி. தண்ணீர்க் கேள்வி இனி வேண்டாம்.

திருவண்ணாமலை: ஈகோஸ்போர்ட் டீசல் மலிவாக வருகிறது. கம்பெனி போய்விட்டதே, ஸ்பேர் கிடைக்குமா?

இது புகார் இல்லை என்பதால் பெயரை விடுகிறேன். 2013இல் வந்த வண்டி, நம் மறைமலை நகரில் செய்தது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சர்வீசும் ஸ்பேரும் தொடரும் என்றார்கள். ஃபில்டர், பிரேக், புஷ், கிளட்ச் எனக்குச் சிரமமில்லாமல் கிடைக்கிறது. கண்ணாடி, லைட், பாடி பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும். எந்த டீசலாக இருந்தாலும் டைமிங் பெல்ட்டா செயினா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் மாற்றிய பில்லைப் பாருங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்து, 10,000 முதல் 15,000 வரை விலையில் குறையுங்கள். அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடித்து இன்ஜினே போய்விடும். வாட்டர் பம்பையும் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டு முறை கூலி எதற்கு?

காந்தி நகர்: எலி வயரைக் கடித்துவிட்டது. இன்சூரன்ஸ் தருமா?

பாலிசியை எடுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போங்கள். வயர் வேலை மட்டும் என்னுடையது.

வாணியம்பாடி: ஏலகிரி இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போனது, கீழே வந்ததும் சரியாகிவிட்டது.

14 கொண்டை ஊசி வளைவையும் பிரேக்கிலேயே இறங்கியிருக்கிறீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் ஈரம் இழுக்கும், சூட்டில் அந்த ஈரம் கொதித்தால் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். டர்போ வண்டியென்றால் மேலே போனதும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு ஆஃப் செய்யுங்கள்.

மாதனூர் அருகே, ரோட்டோரம்: அண்ணா, இப்போது முள் சிவப்புக்கு ஏறிவிட்டது. பானட்டில் ஆவி. குடும்பத்தோடு நிற்கிறேன்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டீர்கள் அல்லவா? இல்லையென்றால் இந்த நொடியே. எல்லோரும் இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள், துணி போட்டும் திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரம் ஆறட்டும். மேல் ஹோஸைக் கையால் அமுக்க முடிந்த பிறகு, மூடியைக் கால் திருப்பு திருப்பிக் காற்றை விட்டு, அப்புறம் மெதுவாக ஊற்றுங்கள். ஹோஸ் கிழிந்திருந்தால் ஊற்றிப் பயனில்லை, இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

மாதனூர்: எந்தத் தண்ணீர் அண்ணா? பக்கத்தில் போர் பம்பு மட்டும்தான் இருக்கிறது.

இப்போது அதுவே சரி. ஊற்றி, ஏசி போடாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டே ஆம்பூர்வரை வாருங்கள். ஏறினால் மறுபடி நிறுத்துங்கள். நாளைக் காலையில் முழுதாகக் கழுவிவிடலாம்.

வாலாஜா ஐயா: அப்படி வா வழிக்கு.