குழந்தை பராமரிப்புச் செலவு ஏழைக் குடும்பத்தை ஏன் இவ்வளவு அழுத்துகிறது?

குழந்தை பராமரிப்புச் செலவு என்றால் காப்பகக் கட்டணம் மட்டும் இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டால் போகும் கூலியும் அதில் சேரும். கையிலிருந்து பணம் போகாததால் இதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

கூலி குறைந்தாலும் இந்தச் செலவு குறையாது. வாடகை ஆட்டோ ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்கள். சவாரி வந்தாலும் வராவிட்டாலும் அன்றைய வாடகையைக் கட்டியாக வேண்டும். மாதச் சம்பளக்காரர் தாங்கும் தொகை, தினக்கூலிக்காரருக்கு அரிசிக் காசு.

பழைய வட ஆற்காட்டில் இது கண்ணெதிரே தெரியும். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகளில் நிறையப் பெண்கள் வேலை செய்கிறார்கள். 50 பெண்களுக்கு மேல் இருக்கும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். சரி, குடியாத்தத்தில் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் அம்மாவுக்கு? அந்த விதி அவருக்கு எட்டாது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டேதான் பிள்ளையையும் பார்க்கிறார். புகையிலைத் தூள் குழந்தையின் மூச்சில் ஏறுகிறது. சுற்றும் எண்ணிக்கையும் குறைகிறது. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். எனக்கு மனசு வலிக்கும் இடம் இதுதான்.

"அங்கன்வாடிதான் இலவசமாச்சே" என்பார்கள். 1975-ல் தொடங்கிய நல்ல திட்டம் அது. ஆனால் சாயங்கால ஷிஃப்ட் முடியும்வரை திறந்திருப்பதில்லை, கைக்குழந்தையை நாள் முழுக்க வைத்துக்கொள்வதும் இல்லை.