பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் அப்பாவை உடனே அழைத்துப் போங்கள்

இப்போதே கிளம்புங்கள். காலையில் அப்பாவுக்கு வாய் கோணி, வலது கை துவண்டு, பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்கிறீர்கள். கொரோனா பயத்தில் காத்திருக்க வேண்டாம். இது பெரும்பாலும் தற்காலிகப் பக்கவாதம்: மூளை ரத்தக்குழாயை அடைத்த ரத்தக் கட்டி தானே கரைந்திருக்கும். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் அதிகம்.

2020-ல் பல நாடுகளில் பக்கவாதத்துக்காக மருத்துவமனை வந்தவர்கள் குறைந்தார்கள். நோய் குறையவில்லை, லேசான அறிகுறி உள்ளவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தயங்கினால் அந்த நேரம் போய்விடும். கொரோனா தொற்றே ரத்தம் உறைவதைக் கூட்டும் என்பதால், அப்பாவுக்குக் காய்ச்சல், இருமல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வருவதற்குள்:

1. சிரிக்கச் சொல்லுங்கள். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் கோடு ஒரு பக்கம் மட்டும் மழுங்குகிறதா?
2. கண்ணை மூடி, உள்ளங்கை மேலே பார்க்க இரு கைகளையும் 10 விநாடி நீட்டட்டும். ஒரு கை மெல்லத் தாழ்கிறதா?
3. கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை மாத்திரைப் பட்டியலோடு எழுதி அவர் சட்டைப்பையில் வையுங்கள், உங்கள் போன் நம்பரும் சேர்த்து. தொற்றுக் காலத்தில் துணைக்கு ஆள் விடாமல் போகலாம். அவருக்கோ பேச்சு குழறலாம்.

இந்தச் சோதனைகளில் எல்லாம் சரியாக இருந்தாலும் போகத்தான் வேண்டும். ஆஸ்பிரின் மட்டும் நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும். சர்க்கரை இறங்கினாலும் இப்படி ஆகலாம். வீட்டில் கருவி இருந்தால் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்காகத் தாமதிக்காதீர்கள். இருவரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள்.