எதையும் கச்சிதமாகச் செய்ய நினைத்தே வேலை முடியாமல் போகிறது, இதிலிருந்து எப்படி வெளியே வருவது?

ஒரு மின்னஞ்சல் எழுதவே அரை நாள் ஆகிறது, ரிப்போர்ட்டைத் திருத்தித் திருத்தியே கெடு தாண்டிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் சேலம் என்பதால் நம்மூர்க் கொலுசு வேலையை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்த நல்ல பதில் அங்கேதான் இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசு பல கை மாறித்தான் உருவாகும். உருக்குவது ஒருவர், கம்பி இழுப்பது ஒருவர், வளையங்களைச் சூடாக்கிப் பற்ற வைத்து இணைப்பது, பாலிஷ் போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் உண்டு. பற்ற வைப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வளையத்தின் வாயில் வெண்காரமும் இணைப்பதற்கான பற்றுப்பொடியும் வைத்து நெருப்பைக் காட்டுவார், பொடி உருகி ஓடிப் பிடித்ததும் நெருப்பை விலக்கிவிடுவார். வெள்ளி உருக ஏறக்குறைய 962 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பொடி அதற்கு முன்பே உருகிவிடும். அதனால் இன்னும் கொஞ்சம் நேர்த்தியாக வரட்டுமே என்று மறுபடி மறுபடி சூடு காட்டினால், பக்கத்தில் ஏற்கெனவே பிடித்திருந்த பற்றும் இளகிப்போகும். சரி, அரத்தால் ராவிக்கொண்டே இருக்கலாமா என்றால் எடை குறையும், எடை போட்டு வாங்கிய வெள்ளிக்கு எடை போட்டுத்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

அதற்காக அலட்சியமாக வேலை செய்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கொக்கியை இழுத்துப் பார்க்காமல் கொலுசு வெளியே போகாது, அது கழன்றால் கொலுசே தொலைந்துவிடும். லேசான அரக்கீறல் பாலிஷில் போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் ரிப்போர்ட்டில் எண்கள், பெயர்கள், தேதிகள்தான் அந்தக் கொக்கி, அவை தப்பாகவே கூடாது, மற்றதைப் பிறகு யாரும் சரிசெய்துகொள்ளலாம். கோப்பைத் திறப்பதற்கு முன்பே, என்னென்ன இருந்தால் இதை அனுப்பிவிடலாம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்புறம் பின்னால் திரும்பிப் பார்க்காமல் கடைசிவரை எழுதுங்கள். எழுதும்போதே திருத்துவதுதான் நேரத்தையெல்லாம் விழுங்குகிறது. முடித்ததும் எண்கள், பெயர்கள், தேதிகளுக்காக மட்டும் ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னொன்று. பால் ஹூவிட், கார்டன் ஃபிளெட் என்ற உளவியலாளர்கள் 1991-இல் இந்தக் கச்சிதம் தேடும் குணத்தை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடமே கச்சிதத்தை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மூன்றாவதுதான் உங்களை வாட்டுகிறது என்று தோன்றுகிறது. அப்படியானால் மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டாம். பாதி முடிந்த ரிப்போர்ட்டை மேலாளரிடம் காட்டி, "இந்த அளவு போதுமா சார்?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தூக்கம் கெடும் அளவுக்குப் போயிருந்தால் தனியாகப் போராட வேண்டாம். நம் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தயங்காமல் ஒரு நாள் போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.