வகுப்பில் சண்டையில்லாமல் விவாதிக்க முடியுமா?

அரசியல் பேச்செடுத்தாலே வகுப்பு இரண்டுபட்டுவிடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருவது அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம். பழமைவாதியான ராபர்ட் ஜார்ஜும் இடதுசாரியான கார்னெல் வெஸ்ட்டும் 2007-இல் அங்கே முதலாண்டு மாணவர்களுக்குச் சேர்ந்தே பாடம் நடத்தினார்கள். கருக்கலைப்பு விஷயத்தில் இருவருக்கும் ஒத்தே போகாது. ஆனாலும் ஒருவரையொருவர் ‘சகோதரர்’ என்றுதான் அழைப்பார்கள்! மார்க்ஸையும் படித்தார்கள், தடையற்ற சந்தையை ஆதரித்த பொருளியலாளர் ஹாயக்கையும் படித்தார்கள். இருவருக்கும் பொதுவான ஒரு நூல் நடுவில் இருந்தால் கோபம் ஆள்மேல் பாயாது.

சரி, உங்கள் வகுப்புக்கு ஒரே ஒரு விதி போதும். மறுத்துப் பேசுமுன், எதிர்த்தரப்பு சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று அவர் தலையாட்டணும். அப்புறம்தான் மறுப்பு. முதல் வாரம் திக்கித் திணறுவார்கள், விட்டுவிடாதீர்கள்.