குறைத்துச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகுமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். குறைவாகச் சாப்பிட்டால் முதுமை அண்டாது என்று யூடியூபில் பார்த்துவிட்டு, இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார். காலையில் இரண்டு இட்லிதான். சர்க்கரை குறைந்ததில் அவருக்குச் சந்தோஷம். சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, டாக்டர்.
- வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் பயம் நியாயமானதும்மா. முதலில் மாத்திரையைக் கவனியுங்கள். சில சர்க்கரை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், நடு இரவில் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும். விடியற்காலையில் வியர்வை, நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரைச் சீட்டோடு இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் அழைத்துப் போங்கள். அதுவரை இரவில் சாப்பிடாமல் படுக்க விடாதீர்கள்.

அப்பா கேட்ட செய்தி பொய்யில்லை. 1935-லேயே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குத் தீனியைக் குறைத்தார். அவை கூடுதல் காலம் வாழ்ந்தன. பிறகு 'காலரி' என்ற ஆய்வில், உடல் பருமன் இல்லாத 200-க்கும் மேற்பட்டோரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினரிடம் கலோரியில் 25 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னார்கள். சராசரியாக 12 சதவீதம்தான் முடிந்தது. அதற்கே ரத்த அழுத்தமும் கெட்ட கொழுப்பும் இறங்கின. ஆயுள் கூடியதா என்பதை இரண்டு ஆண்டில் சொல்ல முடியாது.

ஆனால் அதில் சேர்ந்தவர்கள் 21 முதல் 50 வயது வரை உள்ளவர்கள். அந்த வயதிலேயே அவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி சற்றுக் குறைந்தது. தசையும் கொஞ்சம் கரைந்தது. 71 வயதில் போன தசையை மீட்பது பெரும்பாடு. குளியலறையில் வழுக்கி, இடுப்பு முறிந்து படுத்தவர்களை நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் அப்பாவை உட்கார வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். முன்னுக்குச் சாய்ந்து, இரண்டு மூன்று தரம் உந்தித்தான் எழுகிறார் என்றால் தொடையில் பலம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

60 கிலோ எடையுள்ள பெரியவருக்கு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு இட்லியில் நாலைந்து கிராம்தான் தேறும். குறைக்க ஆசைப்பட்டால் மத்தியானச் சோற்றில் ஒரு கரண்டியையும், சாயங்கால மிக்சரையும் குறைக்கட்டும். முட்டை, மீன், சுண்டல், கெட்டிப் பருப்பு, தயிர் ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் ஏழரை மணிக்குள் இரண்டு அடை போதும்.